‘இன்ஃபினிட்’: ஒரு விசேஷணத்தின் விசாரணை

ஆங்கிலத்தில் எல்லையின்மையைக் குறிக்கும் விசேஷணங்கள் ஒன்றிரண்டல்ல. ‘எண்ட்லெஸ்’ என்றும், ‘பவுண்ட்லெஸ்’ என்றும், ‘அன்லிமிடெட்’ என்றும், ‘இம்மென்ஸ்’ என்றும் அம்மொழி தன் கருவூலத்தில் பல சொற்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஆயினும், இறைவனுடைய ஸ்வரூபத்தை ஆராயும் சமய நூல்களிலும், எண்களின் இயல்பை ஆராயும் கணித நூல்களிலும், நாடகக் கவிகளின் வியப்புரைகளிலும், குழந்தைகளோடு போராடிக் களைத்த பள்ளியாசிரியரின் அலுப்புரையிலும் ஒருங்கே வழங்கும் உரிமை பெற்றது ‘இன்ஃபினிட்’ என்னும் ஒரு சொல்லே. இவ்வளவு இடங்களில் இவ்வளவு பேர் கையாண்ட சொல் எங்கும் ஒரே பொருளைத் தரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இதனை ஒரு பொருளுக்கு அடையாகச் சேர்ப்பவன் அப்பொருளைப்பற்றி ஏதோ ஒன்றை அறிந்து கூறுகிறானா, அல்லது தன் அறிவு அவ்விடத்தில் நின்றுவிட்டது என்பதைக் கௌரவமாக ஒப்புக்கொள்ளுகிறானா என்னும் கேள்வி கிரேக்கர் காலந்தொட்டு இன்றளவும் தீராமல் இருந்து வருகிறது. தத்துவ ஞானிகள், மத குருமார், கணித நிபுணர், வழக்கறிஞர், வியாபாரிகள் ஆகிய பலரும் இவ்வழக்கில் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அச்சாட்சியங்களை ஒருமுறை சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் கட்சியை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். எந்த வகையில் எல்லை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுகிறவன் வாயில் இச்சொல் அறிவைத் தருகிறது. அதைச் சொல்லாமல் விடுகிறவன் வாயில் இது வெறும் வியப்பாகவோ, சில வேளைகளில் வஞ்சகமாகவோ முடிகிறது.

சொல்லின் பிறப்பில் சிக்கல் ஏதும் இல்லை. லத்தீன் மொழியில் ‘ஃபீனிஸ்’ என்பது எல்லை, முடிவு என்னும் இரு பொருளையும் தரும். அதிலிருந்து, எல்லை கட்டப்பட்டது என்னும் பொருளில் ‘ஃபினிட்டஸ்’ என்பது பிறந்து, ‘இன்’ என்னும் எதிர்மறை முன்னொட்டைப் பெற்று, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துள் நுழைந்து, 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாஸரின் எழுத்துக்களில் இடம் பெற்றது. ‘ஃபினிஷ்’, ‘ஃபைனல்’, ‘கன்ஃபைன்’ ஆகியவற்றோடு, இலக்கணம் வகுத்தலைக் குறிக்கும் ‘டிஃபைன்’ என்பதும், கடனைத் தீர்த்து முடித்தல் என்ற கருத்திலிருந்து வளர்ந்த ‘ஃபைனான்ஸ்’ என்பதும் இதன் உடன்பிறப்புக்களே. ஒரு பொருளுக்கு இலக்கணம் வகுப்பதென்றால் அதற்கு எல்லை கட்டுவது என்பது லத்தீன்காரர்களின் எண்ணம். அவ்வாறாயின் எல்லையற்றதற்கு இலக்கணம் வகுப்பது எங்ஙனம் என்ற சங்கடம் சொல்லின் வேரிலேயே கிடக்கிறது. உச்சரிப்பிலும் ஒரு விநோதம் உண்டு. எல்லையுள்ளதை ‘ஃபைனைட்’ என்று நீட்டி உச்சரிக்கும் ஆங்கிலேயர், எல்லையற்றதை ‘இன்ஃபினிட்’ என்று குறுக்கி, முதலசையை மட்டும் அழுத்திச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நியாயமாகப் பார்த்தால் நீட்ட வேண்டியது பின்னதைத்தான் என்று கருதியோ என்னவோ, நம்மவருள் பலர் ‘இன்ஃபைனைட்’ என்கிறார்கள்.

இவ்விசேஷணத்தின் உறவினர்களுள் மிக அடக்கமாக வாழ்வது இலக்கணத்தில் வழங்கும் ‘இன்ஃபினிட்டிவ்’ என்னும் சொல். இடமும் எண்ணும் காட்டி நிற்கும் வினையை எல்லைப்பட்ட வினை என்றும், அவற்றைக் காட்டாத வடிவத்தை எல்லைப்படாத வினை என்றும் லத்தீன் இலக்கணிகள் பிரித்தார்கள். கால்டுவெல் முதலிய ஐரோப்பியப் பாதிரிமார் நம்முடைய ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சத்துக்கும் அப்பெயரையே இட்டு எழுதினர். இங்கே எல்லையின்மை என்பதில் மயக்கத்துக்கு இடமே இல்லை. எந்த எல்லை இல்லையென்று கேட்டால், இடத்தின் எல்லையும் எண்ணின் எல்லையும் இல்லையென்று மாணாக்கனும் விடை சொல்லிவிடுவான்.

ஒத்த பொருளுடையவை என்று அகராதிகள் அடுக்கிவைக்கும் சொற்கள் வழக்கில் ஒன்றன் இடத்தில் மற்றொன்று உட்கார இசைவதில்லை. ‘எண்ட்லெஸ்’ என்பது முழுக்க முழுக்க ஆங்கில நாட்டுச் சொல். அது பெரும்பாலும் காலத்தைப் பற்றியது, குறைகூறும் தொனியுடையது. முடியாத கூட்டங்களுக்கும், ஓயாத மழைக்கும், தீராத சச்சரவுக்கும் அதுவே அடையாகும். ‘பவுண்ட்லெஸ்’ என்பது கடல், வானம், உற்சாகம் ஆகிய பரந்து விரிவனவற்றுக்கு உரியது; கவிகளுக்கு அதில் பிரியம் அதிகம். ‘அன்லிமிடெட்’ என்பதன் மூலமாகிய ‘லீமெஸ்’ என்ற லத்தீன் சொல் வயல்களுக்கிடையே விடப்படும் வரம்பையும், பின்னர் ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் எல்லைக்காவல் வழியையும் குறித்தது. ஆகவே, ஒருவர் வரம்பு கட்டக்கூடிய இடத்தில் கட்டாமல் விட்டார் என்னும் பொருள் அதில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அனுமதி, ஒப்பந்தம், பொறுப்பு, சலுகை ஆகிய மனிதர் செய்துகொள்ளும் ஏற்பாடுகளுக்கு அதுவே பொருந்தும். ஓர் அதிகாரிக்கு ‘அன்லிமிடெட்’ விடுமுறை உண்டு என்று ஆங்கிலேயன் சொல்லுவான்; ‘இன்ஃபினிட்’ விடுமுறை என்று சொன்னால், அவர் காலமாகிவிட்டார் என்று பரிகாசமாகக் குறிப்பிடுவதாகவே கேட்பவர் எண்ணக்கூடும்.

நம் நாட்டு ஓட்டல்களின் வாசலில் தொங்கும் ‘அன்லிமிடெட் மீல்ஸ்’ பலகை, இந்தச் சொல்லாட்சியில் பல பண்டிதர்களைவிட நேர்மையானது என்பது என் எண்ணம். சாதமும் சாம்பாரும் ரசமும் மோரும் கேட்கக் கேட்க வரும். அப்பளமும் இனிப்பும் ஒன்றோடு நின்றுவிடும். எந்தப் பதார்த்தத்துக்கு வரம்பில்லை, எதற்கு உண்டு என்பது உண்பவருக்கும் தெரியும், பரிமாறுபவருக்கும் தெரியும். இரண்டாவது அப்பளத்துக்கு வாய் திறந்தவரை அவர் பார்க்கும் பார்வையிலேயே ஒப்பந்தத்தின் ஷரத்து முழுவதும் அடங்கியிருக்கும்.

இனிக் கிரேக்கருக்கு வருவோம். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் மிலேட்டஸ் நகரில் வாழ்ந்த அனக்ஸிமாண்டர், உலகத்துக்கு மூலகாரணம் நீரன்று, நெருப்பன்று, எல்லையற்றதாகிய ‘அபெய்ரோன்’ என்றார். அவருக்குப் பின்வந்த பிதாகோரஸ் மதத்தினர், உலகிலுள்ள எதிர்நிலைகளையெல்லாம் இரண்டு வரிசைகளாக நிறுத்தியபோது, எல்லையை ஒளி, நன்மை ஆகியவற்றின் பக்கத்திலும், எல்லையின்மையை இருள், தீமை ஆகியவற்றின் பக்கத்திலும் வைத்தார்கள். கிரேக்க மனத்துக்கு எல்லையற்றது என்பது பெருமையைக் குறிக்கவில்லை; உருவம் பெறாதது, முற்றுப்பெறாதது, குறையுள்ளது என்பதையே குறித்தது. அரிஸ்டாட்டில் தம் பௌதிக நூலின் மூன்றாம் பாகத்தில் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டு, எல்லையின்மை சாத்தியமாக மட்டும் உள்ளதா, காரியமாகவே உள்ளதா என்று இரண்டாகப் பிரித்தார். ஒரு கோட்டைப் பாதியாக்கலாம், பாதியை மறுபடி பாதியாக்கலாம், இந்தச் செயல் எங்கும் நின்றுபோக வேண்டியதில்லை. ஆனால் எண்ணற்ற துண்டுகள் ஒருங்கே நம் முன் கிடப்பது என்பது ஒருபோதும் நிகழாது என்பது அவர் தீர்ப்பு. தனக்கு வெளியே எதுவும் இல்லாததை எல்லையற்றது என்று சொல்வது வழக்கம். எவ்வளவு எடுத்தாலும் எடுக்க மேலும் வெளியே மிஞ்சியிருப்பதே எல்லையற்றது என்று அவர் அவ்வழக்கைத் தலைகீழாக்கினார். அந்தத் தீர்ப்பு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு காலம் மேல்முறையீடு இல்லாமல் நிலைத்திருந்தது.

ஆனால், சொல்லாட்சியின் நோக்கில் எனக்கு அரிஸ்டாட்டிலைவிட ஆர்க்கிமிடீஸே பெரியவராகத் தோன்றுகிறார். ஸிரக்யூஸ் நகரத்து அரசன் கெலானுக்கு எழுதிய ‘மணல் எண்ணி’ என்னும் சிறு நூலில், மணலின் எண்ணிக்கைக்கு எல்லையில்லை என்று கருதுவாரும், எல்லையுண்டு எனினும் அதைச் சொல்லத்தக்க எண் இல்லை என்று கருதுவாரும் உளர் என்று தொடங்குகிறார் அவர். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட எண்ணுக்குத் தனிப்பெயர் இல்லாத மொழி அவருடையது. ஆகவே, பேரெண்களுக்குப் பெயரிடும் ஒரு முறையைத் தாமே வகுத்துக்கொண்டு, அரிஸ்டார்க்கஸ் என்னும் வான சாஸ்திரி கருதிய பெரிய அளவின்படி பிரபஞ்சம் முழுவதையும் மணலால் நிரப்பினாலும், மணிகளின் தொகை இன்றைய முறையில் ஒன்றின் பின் 63 பூஜ்யங்கள் இட்டு எழுதும் எண்ணுக்கு மேற்படாது என்று காட்டினார். எண்ண முடியாமை வேறு, எல்லையில்லாமை வேறு என்னும் உண்மையை இதைவிடத் தெளிவாக எவரும் நிறுவியதில்லை. இன்று ‘இன்ஃபினிட்’ என்ற சொல்லைப் பேச்சில் வழங்குபவருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ‘நான் எண்ணிப் பார்க்கவில்லை’ என்பதையே அவ்வாறு சொல்லுகிறார்கள்.

கிறிஸ்தவ சமயம் பரவியபோது இச்சொல்லின் மதிப்பு அடியோடு மாறியது. கிரேக்கருக்குக் குறையாக இருந்தது இறைவனுக்கு நிறைவாயிற்று. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், தம் பெருநூலின் முதற்பாகத்து ஏழாம் வினாவில், எல்லையின்மை குறையாவதும் உண்டு, நிறைவாவதும் உண்டு என்று பிரித்து, உருவம் பெறாத சடப்பொருளின் எல்லையின்மை குறையென்றும், எச்சடத்தாலும் சுருக்கப்படாத தூய இருப்பின் எல்லையின்மை நிறைவென்றும் கூறி, கிரேக்கரையும் வேதத்தையும் சமாதானப்படுத்தினார். எந்த எல்லை இல்லை என்பதைச் சொல்லிவிட்டுப் பிறகு விசேஷணத்தைச் சேர்க்கும் ஒழுங்கு அங்கே இருக்கிறது. அவருடைய சித்தாந்தத்தை ஏற்காதவர்களும் அவ்வொழுங்கைப் பாராட்டலாம்.

ஆங்கிலேயரின் காதில் இச்சொல்லின் ஒலி படிந்ததற்கு ஒரு பெருங்காரணமாக இருந்த 1611ஆம் ஆண்டின் வேதாகம மொழிபெயர்ப்பில் இது மூன்றே இடங்களில்தான் வருகிறது என்பது பலருக்கு வியப்பைத் தரும். 147ஆம் சங்கீதத்தில் இறைவனுடைய அறிவுக்கும், யோபு சரித்திரத்தில் எலிப்பாஸ் என்பவன் யோபுவின்மீது சுமத்தும் பாவங்களுக்கும், நாகூம் தீர்க்கதரிசியின் நூலில் எகிப்து தேசத்துத் தீப்ஸ் நகரத்தின் பலத்துக்கும் இது அடையாக நிற்கிறது. எபிரேய மூலத்தில் சங்கீதம் எண்ணிக்கை இல்லை என்கிறது. மற்ற இரண்டும் முடிவு இல்லை என்கின்றன. மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ஒரே லத்தீன் சொல்லால் போர்த்திவிட்டார்கள். இம்மூன்று இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இச்சொல்லின் முழு வரலாறும் சுருங்கித் தெரியும். முதலாவது, பக்தனின் துதி. இரண்டாவது, பொய்க் குற்றச்சாட்டு. யோபு நீதிமான் என்பது நூலின் தொடக்கத்திலேயே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. மூன்றாவதோ, எதிர்காலத்தைப் பற்றிய எச்சரிக்கை. அளவிறந்த பலமுடையதாகச் சொல்லப்பட்ட அந்த நகரமே சிறைப்பட்டுப் போயிற்று, நீ எம்மாத்திரம் என்று நினிவே நகரத்தைப் பார்த்துக் கேட்பதற்காகத்தான் தீர்க்கதரிசி அதன் பலத்தை அவ்வளவு உயர்த்திப் பேசுகிறார். தீப்ஸ் நகரம் கி.மு. 663இல் அஸீரியர் கையில் வீழ்ந்தது. அஸீரியரின் நினிவே கி.மு. 612இல் அழிந்தது. துதியாகவும், பழியாகவும், வீழ்வதற்கு முந்திய வீம்பாகவும் ஒரே விசேஷணம் ஒரே நூலில் நிற்கிறது.

ஷேக்ஸ்பியர் இதைக் கையாண்ட முறை அவருக்கே உரியது. கிளியோபாட்ராவின் மாறிமாறி வரும் கவர்ச்சிக்கும், ஹாம்லெட் இடுகாட்டில் கையிலேந்திப் பார்க்கும் மண்டையோட்டுக்குரிய விதூஷகனின் நகைச்சுவைக்கும் இதனை அடையாக்கிய அக்கவி, ‘வெனிஸ் வர்த்தகன்’ நாடகத்தில் கிராஷியானோ என்பவனது ஒன்றுமில்லாத வீண்பேச்சின் அளவைக் குறிக்கவும் இதையே எடுத்துக்கொண்டார். அவர் காலத்திலேயே இச்சொல் கோயிலிலிருந்து வீதிக்கு வந்து, ‘மிக அதிகம்’ என்னும் அளவுக்கு இளைத்துவிட்டது என்பதற்கு இதுவே சான்று. அதே தலைமுறையில் வேறொரு திசையிலும் அது நடக்கத் தொடங்கியிருந்தது. 1576இல் தாமஸ் டிக்கஸ் என்னும் ஆங்கிலேயர் கோப்பர்னிக்கஸின் கொள்கையை ஆங்கிலத்தில் விளக்கியபோது, நட்சத்திரங்கள் ஒரே கோளத்தில் பதிக்கப்பட்டவை என்ற பழைய எண்ணத்தை விட்டு, அவை மேல்நோக்கி எல்லையின்றிப் பரந்து கிடப்பதாகப் படம் வரைந்தார். ஜியோர்டானோ புரூனோ எல்லையற்ற பிரபஞ்சத்தைப் பற்றித் தாம் இயற்றிய இத்தாலிய நூலை 1584இல் லண்டனில் அச்சிட்டார்; 1600இல் ரோமாபுரியில் அவர் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள் பலவாயினும், இறைவனுக்கே உரியதென்று கருதப்பட்ட விசேஷணத்தை ஆகாயத்துக்கும் வழங்கியது அவருக்கு நன்மை செய்திராது.

17ஆம் நூற்றாண்டில் இவ்விசாரணை உச்சத்தை அடைந்தது. பிரெஞ்சுத் தத்துவ ஞானி டேக்கார்ட் 1644இல் வெளியிட்ட ‘தத்துவ சாஸ்திரத்தின் மூல விதிகள்’ என்னும் நூலில் ஒரு விதி செய்தார். ‘இன்ஃபினிட்’ என்ற சொல்லை இறைவன் ஒருவனுக்கே ஒதுக்க வேண்டும். உலகின் பரப்பு, நட்சத்திரங்களின் தொகை, சடப்பொருளைப் பகுத்துக்கொண்டே போகும் தன்மை ஆகிய, நமக்கு எல்லை தென்படாத மற்றவற்றை ‘இன்டெஃபினிட்’ என்றே சொல்ல வேண்டும். இறைவனுக்கு எல்லை இல்லையென்பதை நாம் அறிகிறோம். மற்றவற்றுக்கோ எல்லை இருப்பதை நாம் காணவில்லை என்பதற்குமேல் எதுவும் அறியோம் என்பது அவர் காட்டிய காரணம். கேம்பிரிட்ஜ் பண்டிதர் ஹென்றி மோர், இது நழுவல் வாதம், ஆகாயம் எல்லையற்றதா இல்லையா என்று நேராகச் சொல்லும் என்று டேக்கார்ட்டுக்குக் கடிதங்கள் எழுதினார். மோரின் ஆவேசம் சுவையானது. ஆயினும் நான் டேக்கார்ட் பக்கமே நிற்பேன். இல்லாமையை அறிந்ததற்கும் இருப்பதைக் காணாததற்கும் இடையே அவர் கிழித்த கோடு இவ்வழக்கு முழுவதிலும் ஆதாரமான கோடு.

ஆங்கிலத் தத்துவ ஞானி ஹாப்ஸ் 1651இல் இன்னும் கடுமையாகப் பேசினார். மனிதன் கற்பனை செய்யக்கூடியவை யாவும் எல்லையுள்ளவையே. ஒன்றை எல்லையற்றது என்று நாம் சொல்லும்போது அப்பொருளைப்பற்றிய எண்ணம் எதுவும் நம்மிடம் இல்லை, நம் இயலாமையைப் பற்றிய எண்ணமே இருக்கிறது. ஆண்டவனுக்கு அச்சொல்லை வழங்குவது அவரை அறிந்துகொண்டதனால் அன்று, அவரைக் கௌரவிப்பதற்காக என்பது அவர் கொள்கை. லாக் தமது புகழ்பெற்ற நூலில் ஓர் அத்தியாயம் முழுவதையும் இதற்கென்று ஒதுக்கி, இடத்துக்கு எல்லையின்மை என்னும் எண்ணம் நமக்கு உண்டு, எல்லையற்ற இடம் என்னும் எண்ணமோ கிடையாது என்று நுட்பமாகப் பிரித்தார். கூட்டிக்கொண்டே போகலாம் என்பது நமக்குத் தெரியும். கூட்டி முடித்த தொகை நம் மனத்தில் இல்லை என்பது அதன் கருத்து. நியூட்டனோ, 1713இல் வெளிவந்த தம் மகாநூலின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முடிவுரையில், இறைவன் எல்லையற்றவன் என்பதை ஏற்று, அவனே எல்லையின்மை என்பதை மறுத்தார். குணத்தைச் சொல்லும் விசேஷணமாக இருக்கும்வரை இச்சொல் பயன்படும், அதனைப் பெயராக்கி ஒரு வஸ்துவைப்போல் நிறுத்தினால் வழிதவறும் என்று இலக்கண ஆசிரியர் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு பௌதிக ஞானி சொல்லிச் சென்றார்.

தத்துவ சாஸ்திரத்தில் இச்சொல்லைத் தவறாக ஆண்டால் மறுப்புரை வரும். வியாபாரத்தில் இதன் தம்பியாகிய ‘அன்லிமிடெட்’ என்பதைக் கவனியாமல் விட்டால் வீடு போகும். இங்கிலாந்தில் 1855ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, சாதாரணக் கூட்டு வியாபாரத்தில் பங்கு வாங்கியவர் கம்பெனியின் கடன் முழுவதற்கும் தம் சொத்து முழுவதையும் ஈடாக வைத்தவராகவே கருதப்பட்டார். அச்சட்டத்துக்குப் பின்னரும் பல வங்கிகள், வரம்பில்லாப் பொறுப்பு வைப்புப்பணம் போடுகிறவர்களுக்கு நம்பிக்கை தரும் என்று எண்ணிப் பழைய ஏற்பாட்டையே வைத்துக்கொண்டன. அவற்றுள் ஒன்றான கிளாஸ்கோ நகர வங்கி 1878 அக்டோபரில் முறிந்தது. 100 பவுண்டுப் பங்கு ஒன்றுக்கு முதலில் 500 பவுண்டும், பின்னர் 2,250 பவுண்டும் கட்டும்படி பங்குதாரருக்கு உத்தரவு வந்தது. வைப்புப்பணம் போட்டிருந்தவர்களுக்குக் காசு குறையாமல் கிடைத்தது. 1,819 பங்குதாரருள் கடன் தீர்த்துத் தலைநிமிர்ந்து நின்றவர் 254 பேரே. வரம்பில்லாதது இலாபமன்று, பொறுப்பு என்பதை அவர்கள் அறிந்தபோது காலம் கடந்துவிட்டது. அடுத்த ஆண்டிலேயே வங்கிகள் தங்கள் பங்குதாரரின் பொறுப்புக்கு வரம்பு கட்டிக்கொள்ள வசதியாகச் சட்டம் திருத்தப்பட்டது. நம் ஊர்க் கம்பெனிகளின் பெயர்ப்பலகையில் ‘லிமிடெட்’ என்று காணும்போது அதைப் பெருமைக்குரிய பட்டமாக எண்ணுவோர் உளர். உண்மையில் அது, இதற்குமேல் எங்களிடம் கேட்காதீர்கள் என்று கடன்கொடுப்பவருக்கு விடுக்கும் அறிவிப்பு.

நம் காலத்தில் ‘அன்லிமிடெட்’ என்னும் அதே சொல் கைத்தொலைபேசிக் கம்பெனிகளின் விளம்பரங்களில் குடியேறியிருக்கிறது. அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி. மொபிலிட்டி என்னும் கம்பெனி, வரம்பில்லாத இணைய வசதி என்று சந்தா வாங்கிக்கொண்டு, ஒரு மாதத்தில் குறிப்பிட்ட அளவைத் தாண்டியவர்களுக்கு வேகத்தைக் குறைத்துவிட்டது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2014இல் வழக்குத் தொடுத்தது. அளவுக்கு வரம்பில்லை, வேகத்துக்கு வரம்பில்லை என்று யார் சொன்னார்கள் என்பதே இத்தகைய விளம்பரங்களுக்குக் கூறப்படும் சமாதானம். அரிஸ்டாட்டில் கேட்டிருந்தால் இந்தப் பாகுபாட்டை ரசித்திருப்பார். பணம் கட்டியவர் ரசிக்கவில்லை. 2019இல் அக்கம்பெனி 6 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

கணித சாஸ்திரத்தில் இவ்விசேஷணத்தின் கதை தனிப்பெருங்கதை. இங்கே சொல்லாட்சிக்கு வேண்டிய அளவே எடுத்துக்கொள்ளுகிறேன். கலீலியோ 1638இல், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வர்க்கம் உண்டாதலால் வர்க்கங்களின் தொகை எண்களின் தொகைக்குச் சமம் என்றும், எண்கள் எல்லாம் வர்க்கங்கள் அல்லவாதலால் அது குறைவு என்றும் ஒருங்கே தோன்றுவதைக் காட்டி, சமம், மிகுதி, குறைவு என்னும் சொற்கள் எல்லையற்றவற்றுக்குப் பொருந்தா என்று கைவிட்டார். 1655இல் ஜான் வாலிஸ் படுக்கவைத்த எட்டின் வடிவில் ஒரு குறியை வழங்கினார். குறி கிடைத்துவிட்டதனால் பொருளும் கிடைத்துவிட்டதென்று பலர் மகிழ்ந்தனர். 1831இல் காஸ், எல்லையின்மையை முடிந்துபோன அளவாகக் கையாளுவதை ஆட்சேபித்து, அது ஒரு பேச்சு வழக்கே என்று நண்பருக்கு எழுதினார். ஆக, அதுவரை வந்த மேதைகளுள் பெரும்பாலோர் அரிஸ்டாட்டிலின் தீர்ப்பையே வேறு வேறு சொற்களில் உறுதிசெய்தார்கள்.

எல்லையற்ற செயல் எல்லையுள்ள விடையைத் தரலாம் என்பதை மட்டும் அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். 1911இல் சென்னையிலிருந்த ராமாநுஜன், இந்தியக் கணித சங்கத்தின் பத்திரிகையில், ஒன்றனுள் ஒன்றாக முடிவின்றிப் புகுந்து செல்லும் வர்க்கமூலங்களின் கோவை ஒன்றைக் கொடுத்து, அதன் மதிப்பு யாதென்று வாசகரைக் கேட்டார். மாதங்கள் பல சென்றும் விடை வராமற்போகவே அவரே விடையை வெளியிட்டார். அது மூன்று. எழுத எழுத முடியாத அக்கோவையின் மதிப்பைக் குழந்தை கைவிரலில் காட்டிவிடலாம். இங்கே எல்லையில்லாதது படிகளின் எண்ணிக்கை; எல்லையுள்ளது மதிப்பு. இரண்டையும் கலக்காதவரை ஒரு குழப்பமும் இல்லை.

அரிஸ்டாட்டிலின் தீர்ப்பை மாற்றியவர் ஜெர்மானிய நாட்டு ஹாலே நகரப் பேராசிரியர் கியார்க் கேண்டர். 1874இலும், மேலும் எளிய முறையில் 1891இலும், அவர் நிறுவிய உண்மை இது: எண்ணும் எண்கள் 1, 2, 3 என்று எல்லையின்றிச் செல்கின்றன, ஒரு கோட்டின்மேலுள்ள புள்ளிகளும் எல்லையற்றவையே, ஆயினும் முன்னவற்றைப் பின்னவற்றோடு ஒன்றுக்கொன்றாக இணைக்க எவ்வளவு முயன்றாலும் புள்ளிகள் மிஞ்சியே தீரும். அதாவது, எல்லையற்ற தொகைகளுள் ஒன்று மற்றொன்றைவிடப் பெரிது. ஆங்கில இலக்கண ஆசிரியர், இவ்விசேஷணத்துக்கு ஒப்புப்படிகள் கிடையா, ஒன்று மற்றொன்றைவிட அதிக எல்லையற்றது என்று எழுதுவது பிழை என்று தலைமுறை தலைமுறையாகச் சிவப்பு மையால் அடித்து வந்தார்கள். அவர்கள் அடித்துவிட்ட வாக்கியத்துக்குக் கணித சாஸ்திரம் துல்லியமான ஒரு பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. கேண்டர் சொல்லாட்சியிலும் கவனமுடையவர். தாம் கண்ட தொகைகளுக்கு ‘டிரான்ஸ்ஃபினிட்’ என்று புதுப்பெயர் வைத்து, முற்றிலும் எல்லையற்றது என்னும் நிலையை இறைவனுக்கே விட்டுவைத்தார்; இதுபற்றிக் கார்டினல் ஃபிரான்ஸெலின் என்னும் மதகுருவோடு 1886இல் கடிதப் போக்குவரத்தும் நடத்தினார்.

மற்றொரு மயக்கத்தைத் தீர்த்தவர் ரீமான் என்னும் கணித நிபுணர். 1854 ஜூன் மாதத்தில் கெட்டிங்கன் நகரில் நிகழ்த்திய சொற்பொழிவில், கரையில்லாமை வேறு, அளவில்லாமை வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். பூமியின் மேற்பரப்பில் எத்திசையில் எவ்வளவு தூரம் நடந்தாலும், இதோ முடிந்தது என்று நிற்க ஒரு விளிம்பு எதிர்ப்படாது. ஆயினும் அதன் பரப்பு சுமார் 51 கோடி சதுர கிலோமீட்டர், அதற்குமேல் இல்லை. இதற்கு நேர் மாறாக, ஓர் அங்குலக் கோடு இரு முனையிலும் கட்டுண்டு கிடக்கிறது. அதன்மேலுள்ள புள்ளிகளோ எண்ணிக்கையற்றவை. அகராதியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ‘பவுண்ட்லெஸ்’, ‘இன்ஃபினிட்’ என்னும் இரண்டு விசேஷணங்களும் ஒன்றில்லாமல் மற்றொன்று இருக்கக்கூடியவை என்பது இதனால் விளங்கும். ஐன்ஸ்டைன் 1917இல் இதையே பிரபஞ்சத்துக்குப் பொருத்தி, விளிம்பில்லாத, ஆனால் அளவுக்குட்பட்ட ஓர் உலகத்தைச் சமன்பாடுகளால் அமைத்துக் காட்டினார்.

ஆகவே, பிரபஞ்சத்தை இவ்விசேஷணத்தால் குறிக்கலாமா என்னும் கேள்வி இன்று இரண்டாகப் பிரிகிறது. விளிம்பு உண்டு என்று கருத யாரிடமும் காரணம் இல்லை. அளவு உண்டா என்பதற்கு, ஆகாயத்தின் வளைவை அளந்து பார்க்க வேண்டும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அனுப்பிய பிளாங்க் விண்கலத்தின் 2018ஆம் ஆண்டு முடிவுகளின்படி அவ்வளைவு பூஜ்யத்துக்கு மிக மிக அருகில் இருக்கிறது. பூஜ்யமே என்று கொண்டால் பிரபஞ்சம் அளவற்றதாக இருக்க இடமுண்டு. பூஜ்யத்துக்கு இம்மியளவு மேற்பட்டதென்று கொண்டால் அது மிகப்பெரிய, ஆனால் அளவுள்ள கோளத்தை ஒத்ததாக இருக்கவும் இடமுண்டு. எந்த அளவுகோலுக்கும் சிறிது பிழை உண்டாதலால் அளந்து பெற்ற எண் இரண்டில் ஒன்றையும் விலக்கவில்லை. நாம் காணக்கூடிய பகுதியின் குறுக்களவோ ஏறக்குறைய 9,300 கோடி ஒளியாண்டு; அதற்கு அப்பாலிருந்து ஒளி இன்னும் நம்மை வந்தடையவில்லை. இந்நிலையில், பிரபஞ்சம் ‘இன்ஃபினிட்’ என்று பாடநூல்களில் அறுதியிட்டு எழுதுகிறவர் தாம் அறிந்ததற்கு மேல் எழுதுகிறார். எல்லையுண்டு என்று எழுதுகிறவரும் அவ்வாறே. டேக்கார்ட் 1644இல் வகுத்துவைத்த ‘இன்டெஃபினிட்’ என்னும் சொல்லையே, அவர் சொன்ன அதே காரணத்துக்காக, இன்றும் எடுத்தாளுவதே முறை.